நண்பர்களுடன் நீலகிரிக்கு இரண்டு நாள் காரில்: சாப்பாடு, இரவுப்பொழுது, மலைப்பாதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் வசிப்பவர்களுக்கு ஒவ்வொரு நீண்ட வார இறுதிக்கு முன்பும் சமவெளியிலிருந்து தொலைபேசி வருவது வழக்கம். தம்பிகளும் தங்கைகளும் அவர்களுடைய நண்பர்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். எல்லா விடைகளுக்கும் அடியில் ஒரே கருத்துதான் இருக்கிறது: நீலகிரியில் இரவுப்பொழுது என்பது மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரை மணிக்குள் முடிந்துவிடுகிறது, அதற்கேற்பத் திட்டமிட்டு, இருட்டும் முன்பே காரை நிறுத்திவிட்டு நடந்து சுற்றும் குழுவுக்குத்தான் இந்த மலையில் நல்ல சாப்பாடும் நல்ல மாலையும் கிடைக்கின்றன.

“ரெண்டு நாள் போதுமா அண்ணா? ஊட்டியில தங்கலாமா, குன்னூரா, கோத்தகிரியா?”

சாப்பிடவும் நண்பர்களுடன் மாலைப்பொழுதைக் கழிக்கவும் வருவதானால் இரண்டு நாளும் ஓர் இரவும் போதும். கோவையிலிருந்து உதகை ஏறக்குறைய 86 கிலோமீட்டர்தான். ஆனால் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, பைக்காரா என எல்லாவற்றையும் இதே இரண்டு நாளில் சேர்த்தால் பொழுதெல்லாம் வாகன நெரிசலில் கரைந்து, சாப்பாடு கிடைத்த இடத்தில் கிடைத்ததை உண்பதாக முடியும்.

உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் 1,850 மீட்டர் அளவிலும், கோத்தகிரி அதற்குச் சற்றுக் கீழும் இருக்கின்றன. உணவகங்களின் எண்ணிக்கையும் இரவில் நடமாடக்கூடிய கடைவீதியும் உதகையில்தான் அதிகம். குன்னூர் அமைதியானது, பேக்கரிகளும் சிறிய உணவகங்களும் நன்றாக இருக்கும். கோத்தகிரி ஓய்வெடுக்க ஏற்ற ஊர். இரவில் வெளியே சென்று சாப்பிட விரும்புவோருக்கு அது ஏற்றதன்று.

எந்த ஊரைத் தேர்ந்தாலும், தங்குமிடம் கடைவீதியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். தேயிலைத் தோட்டத்தின் நடுவே, ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காட்டேஜ் படத்தில் அழகாகத் தெரியும். அங்கே தங்கினால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் யாராவது ஒருவர் குறுகலான பாதையில், பெரும்பாலும் இருட்டிலும் மூடுபனியிலும், காரை ஓட்ட வேண்டியிருக்கும். கீழே வரும் பாதிக் கேள்விகள் இந்த ஒரு முடிவைத் தவறாக எடுப்பதால் எழுபவை.

“இ-பாஸ் கட்டாயமா? நாங்க கோயம்புத்தூர் வண்டிதானே?”

கட்டாயம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளிமாவட்ட, வெளிமாநில வாகனங்கள் அனைத்துக்கும் இ-பாஸ் பெற வேண்டும். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளில் வருவோருக்கும் விலக்கு உண்டு. பக்கத்து மாவட்டம் என்பதற்காகக் கோவை வாகனத்துக்கு விலக்கு கிடையாது. இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம். வாகன எண், பயணிகளின் எண்ணிக்கை, தங்கும் நாட்கள், தங்குமிடம் ஆகியவற்றைக் கேட்பார்கள்.

2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைக்காலத்தில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என உச்ச வரம்பும் விதிக்கப்பட்டது. எனவே கோடையில் வருவதானால் அறையை முன்பதிவு செய்வதற்கு முன்பே, அந்தத் தேதிக்குப் பாஸ் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கல்லாறு அல்லது குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு விண்ணப்பிக்கலாம் என்று நம்பி வருவது, பின்னால் நிற்கும் நூறு வண்டிகளையும் சேர்த்துத் தாமதப்படுத்துவதாகும்.

“எந்த ரூட்ல ஏறணும், எந்த ரூட்ல இறங்கணும்?”

மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு பாதைகள் உண்டு. பர்லியாறு வழியாகக் குன்னூருக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. உதகைக்கு ஏறக்குறைய 52 கிலோமீட்டர். குஞ்சப்பனை, கோத்தகிரி வழியாகச் செல்லும் பாதை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதலானது. வளைவுகள் ஓரளவு இதமாக இருக்கும். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழி ஏற்பாட்டைக் காவல்துறை நடைமுறைப்படுத்துவது வழக்கம். சீசன் இல்லாத நாட்களிலும் நான் பரிந்துரைப்பது அதே வரிசையைத்தான், ஏனெனில் ஏறும்போது பர்லியாற்றில் பழமும் குன்னூரில் காலைத் தேநீரும் சரியான நேரத்தில் வந்து அமைகின்றன.

“நாங்க சென்னையில இருந்து வர்றோம். வெள்ளி நைட்டு ஆபீஸ் முடிச்சு கிளம்பி விடியவிடிய ஓட்டிட்டு வந்துடலாமா?”

வேண்டாம் என்பதே என் விடை. சென்னையிலிருந்து உதகை ஏறக்குறைய 550 கிலோமீட்டர். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவு முழுவதும் நெடுஞ்சாலையில் ஓட்டியவர், மிகவும் களைத்திருக்கும் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் கொண்டை ஊசி வளைவுகளைத் தொடங்குகிறார். வந்து சேர்ந்த பிறகும் சனிக்கிழமை பகல் முழுவதும் தூங்கிவிட்டு, இரவு எட்டு மணிக்கு எழுந்து, எங்கே சாப்பிடலாம் என்று கேட்பார்கள். அப்போது பாதிக் கடைகள் மூடத் தொடங்கியிருக்கும்.

சென்னை சென்ட்ரலிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் புறப்பட்டு அதிகாலையில் வந்து சேர்கிறது. படுத்துத் தூங்கி வந்து, மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ வாடகைக் காரை எடுத்துக்கொண்டால் ‘ரோடு ட்ரிப்’ என்ற மகிழ்ச்சிக்குரிய அந்த ஐம்பது கிலோமீட்டர் முழுவதும் விழிப்போடு கிடைக்கும். தாமே ஓட்டும் வாடகைக் கார் என்றால், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துக் கொண்ட பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகைச் சொந்த வாகனத்தை வாடகைக்கு விடுவது விதிமீறல். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது.

“பெங்களூர் ஃப்ரெண்ட்ஸ் மைசூர் வழியா வர்றாங்க. எத்தனை மணிக்குள்ள வந்து சேரணும்?”

பந்திப்பூர், முதுமலைப் புலிகள் காப்பகங்களின் வழியே செல்லும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். எனவே அவர்கள் மாலை ஐந்து மணிக்குள் குண்டலுப்பேட்டையைக் கடந்துவிடுவது நல்லது. காட்டைக் கடப்பதோடு பயணம் முடிவதில்லை, அதன்பின் கூடலூரிலிருந்து உதகைக்கு இன்னும் 50 கிலோமீட்டர் மலைப்பாதை இருக்கிறது. காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்துவதும், இறங்கிப் படம் எடுப்பதும், விலங்குகளுக்கு உணவு கொடுப்பதும் அபராதத்துக்குரியவை. வரும்போது அங்கிருந்து மதுப்புட்டி வாங்கி வரச் சொல்லாதீர்கள். காரணத்தை மதுவைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

“எந்த மாசம் நல்லது?”

பிப்ரவரி, மார்ச் மாதங்களும் செப்டம்பரின் பிற்பகுதியும் என் தேர்வு. ஏப்ரல், மே மாதங்களில் மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பூங்காவின் பழக் கண்காட்சி ஆகியவற்றுக்காகக் கூட்டம் அலைமோதும்; நல்ல உணவகத்தில் இடம் கிடைக்க ஒரு மணி நேரம் நிற்க நேரும். தென்மேற்குப் பருவமழையில் உதகையின் மேற்குப் பகுதி கடுமையாக நனையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மண் சரியும். 2009 நவம்பரில் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் அறைக்குக் கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளில் உறைபனி விழும். அந்தக் குளிர் பிடித்தவர்களுக்கு அதுவே சிறந்த பருவம். மாலை நேரத்துச் சூடான பஜ்ஜிக்கு அப்போது கிடைக்கும் சுவை வேறு எந்த மாதத்திலும் கிடைப்பதில்லை.

“வழியில என்ன சாப்பிடலாம்?”

மேட்டுப்பாளையத்தில் காலை ஆறரை, ஏழு மணிக்கு இட்லி அளவாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதே ஒழுங்கு. பூரி, பொங்கல் போன்ற எண்ணெயும் நெய்யும் மிகுந்தவற்றை வளைவுகள் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

பர்லியாறு பழக்கடைகளைத் தவறவிடாதீர்கள். கல்லாற்றிலும் பர்லியாற்றிலும் உள்ள அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளால் இந்தச் சரிவில் மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் ஆகிய பழங்கள் வேரூன்றின. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வந்தால் மங்குஸ்தானைச் சாலையோரத்திலேயே உடைத்துச் சாப்பிடலாம். ஓட்டை லேசாக அழுத்தும்போது விட்டுக்கொடுப்பதே நல்ல பழம், கல்லாக இருப்பது பழையது. துரியனைக் காருக்குள் ஏற்றாதீர்கள். அதன் வாசனை இரண்டு நாளும் உங்களுடனேயே பயணம் செய்யும். குரங்குகள் கூட்டமாக இருப்பதால் கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்குங்கள், தோலையும் கொட்டையையும் தொட்டியில் மட்டும் போடுங்கள்.

“ஊட்டிக்குன்னே இருக்கிற சாப்பாடு எது? எல்லா இடத்துலயும் பிரியாணியும் பரோட்டாவும்தான் இருக்கு.”

முதலில் வர்க்கியைச் சொல்ல வேண்டும். மைதா, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பிசைந்து, முந்தைய மாவின் புளிப்பைச் சேர்த்து ஊறவைத்து, அடுக்கடுக்காக மடித்து விறகு அடுப்பில் சுடும் பண்டம் அது. நல்ல வர்க்கி கையால் அழுத்தினால் சத்தத்தோடு ஏடேடாகப் பிரியும். தேநீரில் தோய்த்தால் கரையாமல் ஊறும். சுற்றுலா இடங்களில் வண்ண உறையில் அடுக்கி வைத்திருப்பதை விட்டுவிட்டு, உதகையின் பழைய கடைவீதியிலோ குன்னூரின் பேக்கரிகளிலோ எடைபோட்டுத் தரும் வர்க்கியை வாங்குங்கள். நெய்யில் செய்ததா, வனஸ்பதியில் செய்ததா என்று கேட்டால் நேர்மையாகவே சொல்வார்கள்.

அடுத்தது தேநீர். நீலகிரித் தேயிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை ஒருங்கிணைக்கும் இன்ட்கோசர்வ், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களின் மறுவாழ்வுக்காக அரசு தொடங்கிய டேன்டீ ஆகிய இரண்டின் தலைமையிடமும் குன்னூர்தான். அந்தக் கடைகளில் வாங்கும் தேயிலையின் பணம் இலை பறித்த கைகளுக்கு அருகிலேயே போய்ச் சேர்கிறது என்பதால் நான் அங்கேயே வாங்குகிறேன். பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு கோப்பையாவது குடித்துப் பாருங்கள். நீலகிரித் தேயிலையின் மணம் பாலில் அடங்கிவிடும்.

நீலகிரியின் மலைக் கிராமங்களில் வாழும் படுகர் சமூகத்தின் வீட்டு உணவு இந்த மலையின் உண்மையான சமையல். காய்ந்த அவரையும் உருளைக்கிழங்கும் தாங்களே அரைத்த மசாலாவும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் அவரை உதக, அதனுடன் களி அல்லது சோறு என்பது குளிருக்கென்றே உருவான சாப்பாடு. இதைப் பரிமாறும் உணவகங்கள் மிகக் குறைவு. படுகர் குடும்பம் நடத்தும் ஹோம்ஸ்டேயாக இருந்தால் முதல் நாளே கேட்டுக்கொண்டால் சமைத்துத் தருவார்கள். வந்து இறங்கியபின் கேட்டால் அவரை ஊற நேரம் இருக்காது. இதற்காகவே ஒரு வேளைச் சாப்பாட்டை ஒதுக்கிவைக்கும்படி எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

சாலையோரத்தில் இலையோடு கட்டி விற்கும் கேரட்டும், கரியில் சுட்டு எலுமிச்சை தேய்த்த சோளமும் மாலை நேரத்துக்குரியவை. சாக்லேட்டைப் பொறுத்தவரை, பெரும்பாலான கடைகளில் மொத்தமாக வாங்கிய சாக்லேட் கட்டிகளை உருக்கி முந்திரி, திராட்சை சேர்த்து வார்க்கிறார்கள். சுவைத்துப் பார்த்துவிட்டு அளவாக வாங்குங்கள்.

“கிச்சனோட காட்டேஜ் எடுத்து நாமளே சமைச்சா செலவு மிச்சமாகுமா?”

ஆகும். ஆனால் உதகையின் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சோறும் கறியும் வேக அதிக நேரம் எடுக்கும். சமவெளிக் கணக்கில் தம் போட்ட பிரியாணியில் அரிசி விறைத்தும் கறி வேகாமலும் நிற்கும். குக்கர் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், காய்கறியை மலையிலேயே வாங்குங்கள்.

“நைட்டு பத்து மணிக்கு மேல பசிச்சா என்ன பண்றது?”

மலையூர்களில் பெரும்பாலான சமையலறைகள் இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு அடங்கிவிடும். மழையும் பனியும் இருக்கும் நாளில் அதற்கும் முன்பே. ஆகையால் மாலை ஆறு மணிக்குத் தேநீரும் பஜ்ஜியும், ஏழரைக்கு இரவு உணவு என்று வைத்துக்கொண்டு, எட்டரைக்குள் பழம், ரொட்டி, அவித்த முட்டை, வர்க்கி என ஒரு பையை நிரப்பி அறைக்குக் கொண்டுசெல்லுங்கள். தங்கும் விடுதியின் சமையலறை எத்தனை மணிவரை இயங்கும் என்பதை அறையெடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். பசிக்காகப் பதினொரு மணிக்குக் காரை எடுப்பது மட்டும் கூடாது.

“நைட் லைஃப்னு ஊட்டியில என்ன இருக்கு? பப், டிஜே எதாவது?”

கோவையிலோ பெங்களூரிலோ இருப்பதுபோல் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். சில ஹோட்டல்களில் உரிமம் பெற்ற பார்கள் இருக்கின்றன. நடன விடுதி என்று சொல்லத்தக்க பண்பாடு இங்கே வளரவில்லை, வளர வேண்டும் என்றும் நான் விரும்பவில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது என்பது நாடு முழுவதற்குமான 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பள்ளத்தாக்கில் ஒரு மேட்டில் போட்ட பாட்டு எதிர்மேட்டு வீடுகள் வரை தெளிவாகக் கேட்கும். அதிகாலையில் இலை பறிக்கப் போக வேண்டியவர்கள் அங்கே உறங்குகிறார்கள்.

இங்கே உண்மையில் கிடைப்பது வேறொன்று. உதகையில் சேரிங்கிராஸிலிருந்து கமர்ஷியல் சாலை வழியாகக் கடைவீதி வரை மாலை ஆறு முதல் ஒன்பது மணி வரை நடக்கலாம். கம்பளி ஆடைக் கடைகள், சுடச்சுடச் சோளம், மிளகாய் பஜ்ஜி, ஆவி பறக்கும் தேநீர், நடுவில் மூடுபனி இறங்கி எல்லா விளக்குகளும் மங்கும் சில நிமிடங்கள். தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு நண்பர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே நடக்க இதைவிட நல்ல வீதியை நான் அறியேன். அதன்பின் அறையில் சீட்டாட்டமோ, அந்தாக்ஷரியோ, கம்பளியைப் போர்த்திக்கொண்டு நீளும் பழங்கதையோ உங்கள் விருப்பம்.

“சரக்கு விஷயம் நேரா கேக்கறேன். எங்க வாங்கறது, எங்க குடிக்கறது?”

டாஸ்மாக் கடைகள் நண்பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை இயங்குகின்றன. தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 21. குழுவில் இருபது வயதுக்காரர் இருந்தால் அவருக்கு இதில் பங்கில்லை. கர்நாடகம், கேரளம், புதுச்சேரி ஆகியவற்றிலிருந்து மதுவைக் கொண்டுவருவது குற்றம். கக்கநல்லா உள்ளிட்ட எல்லைச் சாவடிகளில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

குடிப்பது உரிமம் பெற்ற பாரிலோ, விடுதி அனுமதித்தால் அறையிலோ மட்டுமே. காட்சிமுனை, தேயிலைத் தோட்டம், காட்டோரம், நிறுத்திய கார் ஆகிய எதுவும் அதற்கான இடமல்ல. வனப்பகுதியில் வீசிய புட்டிகள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்ததால்தான், நீதிமன்றத்தின் தலையீட்டில் 2022-இல் நீலகிரியில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப்புட்டியைத் திருப்பித் தரும்போது கொடுக்கும் திட்டம் வந்தது. எல்லாப் புட்டிகளையும் திரும்பக் கொடுங்கள்; பத்து ரூபாய்க்காக மட்டுமன்று.

குளிருக்கு மது இதம் என்பது பிழையான நம்பிக்கை. தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிவதால் சூடு ஏறியதுபோல் தோன்றுமே தவிர, உடலின் வெப்பம் உண்மையில் விரைவாக வெளியேறுகிறது. குடித்துவிட்டு உறைபனி இரவில் மொட்டைமாடியில் உறங்குவது உயிருக்கு ஆபத்தானது.

“ஒரே ஒரு பீர் குடிச்சவன் வண்டி ஓட்டினா என்ன? காலையில இறங்கும்போது தெளிஞ்சிருக்குமே?”

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவுப்படி 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஒரு புட்டி பீரே பலரை அந்த வரம்புக்குக் கொண்டுசென்றுவிடும். தடுப்புச்சுவரைத் தாண்டினால் பள்ளம் என்றிருக்கும் பாதையில் அந்த வரம்பைக் கூட நான் ஏற்பதில்லை. ஓட்டுபவர் குடிக்கக் கூடாது.

காலையைப் பற்றிய கேள்வி இன்னும் முக்கியமானது. கல்லீரல் ஆல்கஹாலை ஏறக்குறைய ஒரே சீரான வேகத்தில்தான் வெளியேற்றும். மணிக்கு 15 மில்லிகிராம் அளவு குறைவதாகக் கொள்ளலாம். இரவு ஒரு மணிவரை நன்றாகக் குடித்து 150 மில்லிகிராமில் இருந்தவருக்கு, 30-க்குக் கீழே வர எட்டு மணி நேரம் ஆகும். அதாவது ஏழு மணிக்குக் குளித்து, காபி குடித்து, தெளிந்த முகத்தோடு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தாலும் சட்டப்படி அவர் போதையில் இருப்பவரே. எனவே இரண்டு நாளும் குடிக்காத ஒருவரை ஓட்டுநராக முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் மலைப்பாதை பழகிய உள்ளூர் ஓட்டுநரை அமர்த்துங்கள்.

“கேம்ப்ஃபயர், டென்ட் போடலாமா?”

விடுதியின் வளாகத்துக்குள், விடுதியினரே மூட்டித் தரும் தீ என்றால் போடலாம். காட்டிலும் காட்டோரத்திலும் தீ மூட்டுவதும், அனுமதியின்றிக் கூடாரம் அடிப்பதும் வனச் சட்டப்படி குற்றம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை புல்லெல்லாம் காய்ந்து நிற்கும் காலத்தில் ஒரு தீப்பொறி போதும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததை நினைவில் வையுங்கள். எழுந்து செல்லும்போது சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

“நைட்டு நடக்கும்போது காட்டெருமை, கரடி வரும்னு பயமுறுத்தறாங்களே, உண்மையா?”

உண்மை. குன்னூர், கோத்தகிரி வீதிகளிலும் உதகையின் ஓரங்களிலும் காட்டெருமைகள் சாதாரணமாக நடமாடுகின்றன; எண்ணெய் வாசனைக்கும் மிச்ச உணவுக்கும் கரடிகள் கோயில், பேக்கரி, வீட்டுச் சமையலறை வரை வருகின்றன. கடைவீதியில் கூட்டத்தோடு நடப்பதில் அச்சமில்லை. விளக்கில்லாத தோட்டப் பாதையில் ஒன்பது மணிக்குமேல் நடப்பதுதான் ஆபத்து. காட்டெருமையைக் கண்டால் கூச்சலிடாமல், பிளாஷ் போட்டுப் படம் எடுக்காமல், அது போக வழிவிட்டுப் பின்வாங்குங்கள். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைச் சாலையில் யானைகள் நிற்பதும் வழக்கம். ஹாரன் அடிக்காமல் தள்ளி நின்று காத்திருக்க வேண்டும்.

சாப்பிட்ட மிச்சத்தைப் பால்கனியிலோ தோட்டத்திலோ வைக்காதீர்கள். நீங்கள் ஊருக்குத் திரும்பிய பின்பும் அந்தக் கரடி அதே வீட்டுக்கு வரும். பிளாஸ்டிக் பைகளும் சிறிய தண்ணீர்ப் புட்டிகளும் மாவட்டத்தில் தடைசெய்யப்பட்டவை என்பதால் எஃகுப் புட்டி கொண்டுவந்து, குடிநீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

“கீழ இறங்கும்போது பிரேக்ல இருந்து வாசனை வந்துச்சு. என்ன தப்பு பண்ணினோம்?”

இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடியே வந்திருப்பீர்கள். தொடர்ந்து உரசுவதால் பேடுகள் சூடேறிப் பிடிப்பை இழக்கின்றன; பிரேக் எண்ணெயும் கொதித்தால் மிதி நேராக உள்ளே போய்விடும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரிலேயே, பெரும்பாலும் இரண்டாவதில், இறங்கி எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி விடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் அல்லது கைக்கியர் முறைக்கு மாறுங்கள். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக நியூட்ரலில் இறங்குவது தற்கொலைக்கு ஒப்பானது. வாசனை வந்துவிட்டால் அகலமான இடத்தில் அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மின்காரில் வருபவர்கள் மேலே முழுவதுமாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கக் கூடாது. பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தை அது ஏற்காது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் அந்த உதவி குறைந்து முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும். எண்பது விழுக்காட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது. ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டியவர் இறங்குபவர் என்பதும் எல்லோருக்கும் பொதுவான விதி. மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோபீமில், சாலையோரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

“பசங்களும் பொண்ணுங்களும் சேர்ந்து வர்றோம். ரூம் குடுப்பாங்களா?”

வயது வந்தவர்கள் திருமணமாகாமல் ஒரே விடுதியில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. கோவை விடுதி ஒன்று தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் இதையே கூறியது. ஆயினும் சில விடுதிகள் தங்களுக்கென்று விதி வைத்திருக்கின்றன. குழுவின் விவரத்தை முன்பதிவின்போதே வெளிப்படையாகச் சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் அசல் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும்.

“குடிக்காதவன், சைவம் சாப்பிடறவன் எல்லாருக்கும் செலவை எப்படி சமமா பிரிக்கறது?”

பெட்ரோல், அறை, சுங்கம் ஆகியவற்றைச் சமமாகவும், மதுவைக் குடித்தவர்களுக்குள் மட்டுமாகவும் பிரியுங்கள். ஆனால் இரண்டு நாளும் குடிக்காமல் ஓட்டுபவரிடம் மட்டும் பெட்ரோல் பங்கு கேட்பது முறையன்று.

“ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட் ஒருத்தர் மசினகுடியில நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறேன்றார். கல்லட்டி வழியா இறங்கி போயிட்டு வந்துடலாமா?”

இரவு சஃபாரி என்ற பெயரில் தனியார் ஜீப்பில் காட்டுக்குள் செல்வது சட்டவிரோதமானது. பிடிபட்டால் வனத்துறை வழக்குப் பதிவு செய்வதில் ஓட்டுநரோடு பயணிகளும் சேர்க்கப்படலாம். விளக்கடித்து விலங்குகளைத் துரத்திப் பார்ப்பதில் பெருமைப்பட எதுவும் இல்லை. வனத்துறையே தெப்பக்காட்டிலிருந்து பகலில் நடத்தும் வாகனச் சவாரி உண்டு.

உதகையிலிருந்து மசினகுடிக்குச் செல்லும் கல்லட்டிப் பாதை 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தாக இறங்குவது. வெளியூர் வாகனங்களை அதில் கீழே இறங்க விடுவதில்லை, ஏறுவதற்கு மட்டுமே அனுமதி. 2018 அக்டோபர் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த நண்பர்கள் குழுவின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாட்கள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. ஐந்து பேர் உயிரிழந்தார்கள். மசினகுடிக்குப் போயே தீர வேண்டுமென்றால் கூடலூர் வழியாகப் பகலில் செல்லுங்கள். இரவு 9 மணிக்கு மூடப்படும் காட்டுச் சாலையைப் பற்றிப் பெங்களூரு நண்பர்களுக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

“ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டு கிளம்பினா திங்கள் ஆபீஸ் போயிடலாம்ல?”

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குமேல் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கோத்தகிரிப் பாதையில் வண்டிகள் ஊர்ந்து செல்ல, இருட்டும் மூடுபனியும் யானை நடமாட்டமும் சேர்ந்துவிடும். ஞாயிறு காலைச் சிற்றுண்டியை முடித்துப் பத்து மணிக்குப் புறப்பட்டு, கோத்தகிரியில் தேநீரும், காய்கறிச் சந்தையில் உருளைக்கிழங்கும் பூண்டும் வாங்கிக்கொண்டு, மதிய உணவுக்கு மேட்டுப்பாளையத்தில் இருப்பது என் பரிந்துரை. அது முடியாவிட்டால் ஞாயிறு இரவும் தங்கிவிட்டு, திங்கள் காலை வெளிச்சம் வந்தபின் இறங்குங்கள்; அலுவலகத்தில் அரைநாள் விடுப்பைச் சனிக்கிழமைக்கு முன்பே கேட்டு வாங்கி வையுங்கள்.